அலுமாரிக்குள் பாடியவளுக்கு

மச்சாள்,

மீன் சந்தை வாசலில் சூடை மீன் பையோடு நின்றுகொண்டிருந்தபோது நீ வந்தாய். முதலில் குரல் வந்தது, பிறகு ஓட்டோ வந்தது. "அன்பார்ந்த திருமலை வாழ் பொதுமக்களே! ஆசையோடு வாருங்கள், அள்ளிக்கொண்டு போங்கள்! சேலை வகைகள், சாரம் வகைகள், சிறுவர் உடைகள், அனைத்துக்கும் தள்ளுபடி!" ஓட்டோவின் கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் சந்தியில் திரும்பி, எனக்கே எனக்கென்று சொல்வதுபோல இன்னொரு தரம் தள்ளுபடி சொல்லிவிட்டுப் போனது. மீன் பையை எந்தக் கையில் வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

நீ போய் ஒரு வருசமாகி, உன் ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. அந்தப் புடவைக்கடைக்காரர் மட்டும் உன் பதிவை இன்னும் மாற்றவில்லை. பெருநாளுக்கும் அதுதான், தீபாவளிக்கும் அதுதான், நத்தாருக்கும் அதுதான். எனக்கு வந்த கோபத்தை உனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை, கிட்ட இருந்து பார்த்தவள் நீ. நீ வாழ்க்கையில் எத்தனையோ கதைத்தாய். அதில் ஊருக்கு மிஞ்சியது யாரோ ஒருவருடைய கடையின் சேலை விலையா? நீயாகக் கட்டிய வரிகள், உன் சொந்தக் கதை, அதெல்லாம் என் லப்டொப்போடு செத்துப்போக, இந்தத் தள்ளுபடி மட்டும் தெருத்தெருவாகச் சுற்றுகிறதே என்று நெஞ்சு கொதித்தது. அன்றைக்கு நான் ஓட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினேன். சிரிக்காதே. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே ஒழுங்காக வரும்.

நீ எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது பாட்டுக்காக அல்ல, அலுமாரிக்காக. ஒரே ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்துக்குள், வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனாலும் வாசல் படலையில் நின்று சிரிப்பதோடு சரி. நீ வேலை செய்த அந்தப் புடவைக்கடையின் முதலாளி உன்னை வீட்டிலேயே விளம்பரத்தைப் பதிந்து அனுப்பச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் மர ஆலை. அந்த வாள் ஓடாத நேரமே இல்லை. துணி நிறைந்த அலுமாரிக்குள் தலையை விட்டுக் கதைத்தால் எதிரொலி வராது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த ஒழுங்கையிலயே சத்தமில்லாத வீடு உங்கட வீடுதான், அம்மான்ர சீலை அலுமாரியக் கொஞ்சம் தாறியே?" என்று கேட்டுக்கொண்டு குசினிப் பக்கத்தால் வந்தாய். கெட்ட காலம், அந்த வாரம்தான் அந்தச் சத்தமில்லாத வீட்டில் நான் சத்தம் போடத் தொடங்கியிருந்தேன்.

சத்தம் வந்தது, அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லப்டொப்பிலிருந்து. பார்மசியில் நாள் முழுக்க "சாப்பாட்டுக்கு முன்னம், சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் செத்துப்போயிருந்தது. பஸ்சில் யாரோ ஒரு பொடியன் போனில் ராப் பாட்டுப் போட, பாடினவனை விட்டுவிட்டு அடியில் ஓடிய தாளத்திலேயே என் காது ஒட்டிக்கொண்டது. இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பெரிய ஸ்டூடியோ வேண்டாம், வீட்டில் இருந்தே செய்யலாம், இலவச மென்பொருள் ஒன்றும் ஒரு இயர்போனும் போதும் என்று வீடியோவில் ஒருவன் சத்தியம் பண்ணினான். கிக் என்றால் நெஞ்சில் இடிக்கிற அடி. ஸ்நெயார் என்றால் கன்னத்தில் அறைகிற அடி. ஹைஹாட் இரண்டுக்கும் நடுவில் சிஸ் சிஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்து ஊரையே ஆட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ அலுமாரிக்குள்ளிருந்து தலையை எடுத்து, நான் அடுக்கிய முதல் தாளத்தை, என் முதல் பீட்டை, கேட்டாய். உனக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது, அதனால் வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்துக் கேட்டாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"உதென்ன, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு வயர் பூட்டிற மெஷினே?"

"ஹிப் ஹொப்."

"மனுசர் இப்பிடியே நடக்கிறவை? ஒரு காலெண்டாலும் கொஞ்சம் பிந்த வேணுமெல்லே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒவ்வொரு அடியையும் திரையில் இருந்த கட்டத்துக்குள் மயிரிழை தப்பாமல் வைத்திருந்தேன், அதுவே என் பெருமை. நீ போன பிறகு, வீம்புக்கு, ஸ்நெயாரை ஒரு சொட்டுப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். பீட் எழும்பி நடக்கத் தொடங்கியது. அடுத்த நாள் உன்னிடம் அதைச் சொல்லவில்லை. கேட்டவுடன் நீயே கண்டுபிடித்துவிட்டாய், அதற்குப் பிறகு உன் தலைக்கனத்தைத் தாங்க ஏலாமல் போனது.

அதன் பிறகு போயா நாள், அந்தப் பௌர்ணமி விடுமுறை, என்றால் நமக்குத் திருவிழா. உன் கடையும் பூட்டு, என் பார்மசியும் அரை நாள். என் கணினியில் வந்த சத்தங்கள் எல்லாம் வேறு ஊர்ச் சத்தம், அதைப் போட்டு நம்மட கதை சொல்ல ஏலாது என்று நீதான் அடம்பிடித்தாய். சரி, நம்மட சத்தத்தைப் பிடிப்போம் என்று போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். மீன் சந்தையில் சாக்குக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு மரக்கட்டையால் உடைக்கிறார்களே, அதுதான் நம் ஸ்நெயார். அம்மாவின் திருவலையில் தேங்காய் திருவுகிற சத்தம் ஹைஹாட். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலின் ஊதலை எடுத்து, இழுத்துத் தாழ்த்தினால், வயிற்றுக்குள் போய் இருந்துகொள்கிற ஒரு தாழ்ந்த முழக்கம், பேஸ். ஐஸ் உடைக்கிறவர்கள் நாங்கள் சுகாதாரப் பகுதியில் இருந்து வந்திருக்கிறோமாக்கும் என்று பயந்து, அன்றைக்கு ஐஸை இரண்டு தரம் கழுவினார்கள்.

நம்மட ஊர்த் தெருவில் மாடுபோலத் திரிகிற மான்களின் குளம்புச் சத்தம் எடுக்கவென்று கடற்கரைப் பக்கம் போனதும் நினைவிருக்கிறதா? நான் போனை நீட்டிக்கொண்டு குந்தியிருக்க, பின்னால் வந்த இன்னொரு மான் நீ வரிகள் எழுதி மடித்து வைத்திருந்த தாளை உன் பையிலிருந்து இழுத்துச் சப்பித் தின்றுவிட்டது. நீ கத்தியதில் இருந்த குளம்புச் சத்தமும் ஓடிப்போனது. "சரி விடு, இனி ஒண்டும் எழுதிறேல்ல. மானுக்கு எட்டாத இடத்திலதான் வைக்கப்போறன்" என்று தலையைத் தட்டிக் காட்டினாய். அன்றிலிருந்து ஒரு வரியைக்கூடத் தாளில் எழுதவில்லை நீ. அப்போது அது எனக்குப் பகிடியாக இருந்தது.

பதிவதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். லப்டொப்பிலிருந்து நீளமான இயர்போன் வயர் உன் வலது காதுக்கு. அதில் பீட் ஓடாது, வேகம் காட்டுகிற டிக் டிக் மட்டும். உன் போன் அலுமாரித் தட்டில், சீலைகளுக்கு நடுவில். உன் தலை உள்ளே, கால் வெளியே. பூச்சி உருண்டை மணத்தில் தும்மித் தும்மியே பாதி நேரம் போகும். பள்ளிவாசலில் வாங்கு சொல்லத் தொடங்கினால் நிறுத்த வேண்டும், கோயிலில் மணி அடித்தாலும் நிறுத்த வேண்டும். இரண்டும் முடியும்வரை தேத்தண்ணி. அந்த இடைவெளியில்தான் உனக்கு நல்ல வரிகள் வந்தன. "கடவுள்மார் ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தித் தந்திட்டினம்" என்பாய். தொடங்கும்போது நீயே எண்ணுவாய். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நாலு சொல்ல மாட்டாய். நாலாவது டிக்கில் மூச்சை இழுப்பாய், அடுத்த டிக்கில் பாய்ந்துவிடுவாய். "நாலு சொன்னா மூச்சு எடுக்க நேரமெங்க?" என்று கேட்டாய். நியாயம்தான்.

ஆனால் முதல் மாதங்களில் நீ பாடியது ராப்பே இல்லை. துறைமுகத்துக்குத் தள்ளுபடி போட்டதுபோல இருக்கும். எந்த வரியும் 'அன்பார்ந்த' என்று சொல்லாத குறையாக, சிரித்த வாயோடு, கடைசியில் மேலே தூக்கி முடியும். "ஆருக்கும் சீலை விக்காத, உன்ர கதையச் சொல்லு" என்று நான் ஏச, "எனக்கு என்ர குரல் எதெண்டே மறந்து போச்சு மச்சாள்" என்றாய். நீ பகிடியாகத்தான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது உடைந்த நாளை நான் மறக்க மாட்டேன். கச்சான் காற்று சுட்டெரிக்கிற ஒரு பின்னேரம். கடையில் யாரோ ஒரு பெரிய மனிதர், "ஓட்டோவில கத்திற பிள்ளை நீதானே, உனக்குப் பேர் இருக்கோ?" என்று கேட்டுவிட்டாராம். முகம் சிவந்து வந்தாய், தேத்தண்ணி வேண்டாம் என்றாய், நேரே அலுமாரிக்குள் தலையை விட்டாய்.

"கப்பல் வருகுது, கப்பல் போகுது, கரையில நிண்டனான்,
காலமை தொட்டுப் பின்னேரம் மட்டும் கடைப்பேரைச் சொன்னனான்.
ஆரடா கேட்டது நான் ஆரெண்டு? வா கிட்ட, நிமிர்ந்திருக்குது தோள்,
விலை சொன்ன வாயிது, இண்டைக்கு விலாசம் சொல்லுது, கேள்!"

சிரித்த வாய் இல்லை, தூக்கி முடிக்கிற இழுவை இல்லை. அலுமாரிக் கதவு அதிர்ந்தது. நீ தலையை வெளியே எடுத்தபோது தலைமயிர் எல்லாம் சீலை நூல், முகமெல்லாம் சந்தோசம். நாங்கள் இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தோம், அம்மா வந்து பலகை உடையப்போகுது என்று ஏசும்வரைக்கும்.

அந்தப் பாட்டை முழுசாகக் கட்டி முடிக்க மாரி வந்துவிட்டது. கடைசியாகப் பதிந்த அன்று நீ ஒரே மூச்சில் முழுவதையும் பாடினாய். கேட்டுப் பார்த்தால் உன் குரலுக்குப் பின்னால் டிக் டிக் டிக். ஒற்றைக் காதால் கேட்கிறவள் நீ, இயர்போன் சத்தத்தை உச்சத்தில் வைத்திருக்கிறாய், அது வெளியே ஒழுகிப் பதிவுக்குள் போய்விட்டது. "பழுதாப் போச்சு, திரும்ப எடுக்க வேணும்" என்றேன் நான். "டிக் கேட்டா என்ன? மணிக்கூடு இல்லாத வீடிருக்கே?" என்றாய் நீ. வாய்த்தர்க்கப்பட்டு, பிறகு சிரித்து, அடுத்த போயாவுக்குத் திரும்ப எடுப்பதென்று முடிவானது. வழக்கம்போல, "போன் நிரம்பிப் போச்சு, உன்ர லப்டொப்புக்கு ஏத்திப்போட்டு அழிச்சு விடுறன்" என்றாய்.

அடுத்த போயாவுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. டெங்கு. அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, உனக்கும் தெரியும்.

செத்த வீடு நடந்த ஒழுங்கையில் பாட்டுப் போடக்கூடாது. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை லப்டொப்பைத் திறக்கவில்லை, முடிந்த பிறகும் திறக்கப் பயமாக இருந்தது. மெல்லத் திறந்தபோது அது எழும்பவில்லை. திருத்துகிற கடையில் கொடுத்தேன், உள்ளே எல்லாம் போய்விட்டது, உப்புக் காற்று என்றார்கள். உன் வரிகள், ஐஸ், கப்பல், தேங்காய், எல்லாம். எழுதி வைக்காதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மான். அதை எங்கே போய்த் தேடுவது? அதோடு நான் பீட் செய்வதையே விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னம், சாப்பாட்டுக்குப் பிறகு.

இனி ஓட்டோவுக்கு வருகிறேன். மீன் பை காலில் அடிக்க அடிக்க ஓடி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். ஓட்டுகிறவர் குறிஞ்சாக்கேணி முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா, உனக்கு அவரைத் தெரியும். மூச்சு வாங்க நின்று, "செத்த பிள்ளையின்ர குரலை வச்சு யாவாரம் பண்ண உங்களுக்கு வெக்கமில்லையே?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானா கோபிக்கவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தினார்.

"தங்கச்சி, முதலாளி போன பெருநாளைக்கே புதுப் பதிவு தந்திட்டார். இந்தா, இதில இரிக்கு. உங்கட கூட்டாளிட அம்மாதான் படலைக்க நிண்டு, 'தம்பி, எங்கட ஒழுங்கைக்குள்ள வரக்குள்ள மட்டும் பழசைப் போடுங்கோ, கொஞ்சம் மெதுவாப் போங்கோ' எண்டு கேட்டவ. மாத்தி மாத்திப் போட்டு எனக்குப் பிசகும், அதால எல்லா இடமும் பழசையே போட்டுட்டுப் போறன். முதலாளிக்குத் தெரியா. நீங்க வேணாமெண்டா நிப்பாட்டுறன்."

 சூடை மீனை அவரிடம் கொடுக்கப் பார்த்தேன், என்னத்துக்கென்று எனக்கே தெரியாது. அவரும் வாங்கவில்லை.

அன்று பின்னேரமே மாமியிடம் போனேன். சொந்தமில்லாமலே மச்சாள் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். உன் அம்மாவை நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியதே உன்னைப் பகிடி பண்ணத்தான், இப்போது அது ஒட்டிக்கொண்டது. மாமி கதிரையை இழுத்துப் போட்டா. தேத்தண்ணி தந்தா. ஓட்டோக் கதையைச் சொன்னேன். ஓமென்று தலையாட்டினா.

"அதில பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாள். அதுதான் கேக்கிறனான்." சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, "உன்னட்ட ஒண்டு கேக்க வேணும். கேட்டா மறைக்காமச் சொல்லுவியே?" என்றா.

எழும்பிப் போய்ச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலிருந்து உன் போனை எடுத்து வந்தா. நீ ஒருநாளும் பூட்டுப் போடாத போன். "இதுக்குள்ள கடைசியா அவள் கதைச்சது ஒண்டு கிடக்கு. ஆரையோ பிடிச்சு ஏசிறாள். ஆரடா, வா கிட்ட எண்டு கூப்பிடுறாள். பக்கத்தில மணிக்கூடு ஓடுற சத்தமும் கேக்குது. இவ்வளவு கோவமா அவள் கதைச்சு நான் கேட்டதில்லை. என்ர பிள்ளை ஆரோட கோவிச்சவள்? ஆர் அவளை என்ன செய்தவை? கோவத்தோடையே போயிட்டாளோ எண்டு..." 

மச்சாள், நீ அதை அழிக்கவில்லை. காய்ச்சலில் மறந்திருக்கிறாய். நான் பழுதென்று தள்ளிய அந்தக் கடைசிப் பதிவு, முழுசாக, அங்கே இருந்தது. ஒரு பக்கம் எனக்கு எழும்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. மறுபக்கம் மாமியின் முகம். ஒரு வருசத்துக்கு மேலாக அந்த மனுசி, மகள் யாரோடு கோபித்தாள் என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் பயந்து, தனியாக இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. கோபத்துக்கு மருந்தாகத் தள்ளுபடியைக் கேட்டிருக்கிறா.

"மாமி, அது சண்டையில்லை. அது பாட்டு."

"பாட்டெண்டா ராகம் இருக்கும் பிள்ளை. ஏசிறதுக்கும் பாடிறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதே? நீ என்ர ஆறுதலுக்குச் சொல்லுறாய்."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நம்பாதது சரிதான் என்று, உன் போனை மாமியிடம் இரவல் வாங்கி வீட்டுக்கு வந்து கேட்டபோது விளங்கியது. அடியில் தாளம் இல்லாவிட்டால் ராப் ஏச்சுத்தான். மாமி கேட்டது பாதிப் பாட்டு. மற்றப் பாதி என் பொறுப்பில் இருந்தது, அதைத்தான் நான் தொலைத்திருந்தேன். உன் தாய் மனசு ஆற வேண்டுமென்றால் நான் அதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும்.

எப்படிச் செய்வது? வெறும் குரலுக்குப் பிறகு வந்து தாளம் போடுவதென்றால், ஓடுகிற பஸ்சுக்குச் சில்லுப் பூட்டுகிற வேலை. வேகம் தெரியாது. எங்கே தொடங்கி எங்கே இழுத்தாய் என்று கணக்கு வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உன் குரலுக்குப் பின்னால் அது கேட்டது. டிக். டிக். டிக். நான் ஏசிய டிக். உன் ஒற்றைக் காது எனக்காக ஒழுகவிட்டு வைத்த டிக். என் போனில் இருந்த செயலியில் அதே வேகத்தைத் தேடித் தேடி வைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். முதலில் இரண்டு குதிரைபோல ஓடின. கொஞ்சம் கூட்டினேன், ஒரு துளி குறைத்தேன். திடீரென்று இரண்டு டிக்கும் ஒன்றாகிவிட்டது. நான் பார்மசி உடுப்போடு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, உனக்கு விளங்கும்.

அதன் பிறகு எல்லாம் நடந்தே வந்தது. ஐஸ் இன்னும் உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், என்னைக் கண்டு இந்த முறையும் கழுவினார்கள். அம்மாவின் திருவலை குசினியில் கிடந்தது. கப்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. உட்துறைமுகப் பக்கம் போய்க் குந்தியிருந்தேன், ஒன்று வந்து ஊதியது. தொலைந்தது என்று நான் இழவு காத்த சத்தங்கள் எல்லாம் தொழிலுக்குப் போய்க்கொண்டு சுகமாகத்தான் இருந்திருக்கின்றன. எல்லாவற்றையும் என் போனிலேயே அடுக்கி, ஸ்நெயாரை ஒரு சொட்டுப் பிந்தி வைத்தேன். சொல்லவும் வேண்டுமா?

மாமி முன்னால் சின்ன ஸ்பீக்கரை வைத்தேன். கதிரையின் நுனியில் இருந்தா. நீ எண்ணினாய். ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூச்சு. ஐஸ் விழுந்தது, கப்பல் அடியில் எழும்பியது, நீ கரையில் வந்து நின்றாய். "ஆரடா கேட்டது" என்று நீ பாய்ந்தபோது மாமியின் கை சீலைத் தலைப்பை இறுக்கியது. இரண்டாம் முறை அதே இடம் வந்தபோது கை தளர்ந்து, மடியில் ஒரு விரல் மட்டும் தட்டத் தொடங்கியது. ஐஸ் விழுகிற இடத்தில், சரியாக.

முடிந்ததும் கேட்டா: "அப்ப ஆரோடையும் கோவமில்லையே?"

"ஒருத்தரோடையும் இல்லை மாமி."

"சந்தோசமா எல்லே நிக்கிறாள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பிப் போடு" என்றா.

திரும்பத் திரும்பப் போட்டோம். பிறகு உன் அம்மா, ஹிப் ஹொப் என்றால் என்னவென்றே தெரியாத உன் அம்மா, கேட்டதைக் கேள்: "இதை அந்தத் தம்பி ஓட்டோவில போடுவாரோ?"

நானாவிடம் கேட்டேன். "கடை வேலை முடிச்சு வீட்ட போகக்குள்ள உங்கட ஒழுங்கைக்குள்ள வந்து போடுறன், அதுக்கு முதலாளி என்ன சொல்லுற?" என்றார். ஒழுங்கைக்குக் கொண்டுவர முன்னம் கடற்கரையில் ஒருக்காப் போட்டுப் பார்த்தபோது என் மானம் கப்பலேறியது. குழாய் ஸ்பீக்கரில் பேஸ் வராது. நான் இழுத்துத் தாழ்த்திய கப்பலும் இல்லை, நெஞ்சில் இடிக்கிற கிக்கும் இல்லை. நானா, "என்ன தங்கச்சி, பாதிப் பாட்டக் காணல்ல" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்து, நீ தலையை விட்ட அந்த அலுமாரிக் கதவைக் கையால் தட்டிப் பதிந்து, கிக்குக்குப் பதிலாக வைத்தேன். மரச் சத்தம் குழாயில் கணீரென்று வரும். இப்போது உன் பாட்டு அலுமாரிக் கதவில்தான் நடக்கிறது.

போன சனிக்கிழமை பின்னேரம் ஓட்டோ ஒழுங்கைக்குள் மெதுவாக வந்தது. முதலில் வழக்கம்போல, அன்பார்ந்த திருமலை வாழ் பொதுமக்களே. படலைகளில் ஒருவரும் அசையவில்லை, பழகிய சத்தம்தானே. பிறகு அது நின்றது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. விலை சொன்ன வாயிது என்று நீ சொன்னபோது ஒவ்வொரு படலையாகத் திறந்தது. மர ஆலையில் வாளை நிறுத்திவிட்டு, மரத்தூளோடு ஆட்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாமி நடு ஒழுங்கையில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "ஏசேல்ல, பாடிறாள். என்ர மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

டிக் சத்தத்தை எடுத்துவிடலாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள், அதற்கும் வழி இருக்கிறதாம். நான் எடுக்கவில்லை. தேங்காய் திருவுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கூடு இல்லாத வீடு இருக்கிறதா?

நேற்றுப் போயா. புது பீட் ஒன்று தொடங்கினேன், உன்னுடையது இல்லை, என்னுடையது. பார்மசி மாத்திரை அட்டையை உடைக்கிற சத்தம் ஹைஹாட்டுக்கு நன்றாக வருகிறது. இந்த முறை வரிகளும் நானே சொல்லிப் பார்க்கப்போகிறேன், சிரித்தால் உதை விழும். வாங்கு முடியும்வரை காத்திருந்து, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, அலுமாரிக்குள் தலையை விட்டேன். அதே பூச்சி உருண்டை மணம். டிக்கை ஓடவிட்டேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணினேன். நாலு வரவில்லை, மச்சாள். மூச்சுத்தான் வந்தது.